கருப்பன் முதுகில் செம்பட்டை

போன ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு எப்படி இருக்கிறது டீச்சர்?" என்று கேட்டவர்கள் நாலு பேர். "கருப்பன் முதுகில் என்ன செம்பட்டை?" என்று கேட்டவர்கள் இருபத்தோரு பேர். எண்ணித்தான் சொல்கிறேன். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் வருகைப் பதிவேடு எடுக்கும் புத்தி போகவில்லை. தனித்தனியாகப் பதில் எழுத முடியாது பிள்ளைகளே. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

காணும் பொங்கலன்று விடிகாலை என் மகன் கருப்பனைக் கடற்கரைக்கு நடக்கக் கூட்டிப் போனான். எங்கள் வீட்டிலிருந்து கொட்டிவாக்கம் குப்பத்துக் கடற்கரை பத்து நிமிஷ நடை. இந்த ஜனவரியில் நம் கடற்கரையில் என்ன கிடந்தது என்று சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: ஆலிவ் ரிட்லி ஆமைகள். பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். பொங்கலை ஒட்டி அவை செத்துச் செத்துக் கரை ஒதுங்கின. ஒன்று இரண்டு அல்ல. மாசம் முடிவதற்குள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. ஒவ்வொன்றும் முப்பத்தைந்து, நாற்பது கிலோ. உப்பிப் போய், கண் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன.

அப்படி நாலைந்து நாளாகக் கிடந்த ஒன்றைக் கருப்பன் பார்த்துவிட்டான். மகன் கையிலிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடி, முதலில் கழுத்தைத் தேய்த்து, பிறகு தோளைத் தேய்த்து, கடைசியில் நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு முதுகு முழுக்கப் புரட்டியிருக்கிறான். நாய்கள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதில் அறிஞர்களே இன்னும் ஒத்த கருத்துக்கு வரவில்லை. ஓநாய்களும் செய்கின்றன. தன் வாசனையை மறைத்துக்கொண்டு வேட்டைக்குப் போக என்கிறார்கள் சிலர், கூட்டத்துக்கு 'இங்கே இது இருக்கிறது' என்று சேதி சொல்ல என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் வீட்டுக்குச் சேதி நன்றாகவே வந்து சேர்ந்தது.

கருவாட்டு நாற்றம் மாதிரி என்று நினைக்காதீர்கள். முப்பத்து நாலு வருஷம் குப்பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்தவள் நான், கருவாடு எனக்குச் சாப்பாட்டு வாசனை. இது வேறு. தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். சோற்றில் கை வைத்தால் சோற்றில் வரும். போகிக்குக் கழுவித் துடைத்து, வெள்ளையடித்து, கோலம் போட்ட வீடு, ஒரே நாய் ஒரே ஓட்டத்தில் கூடம், சோபா, பாய் எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

இதில் சிரிப்புக்கு இடமில்லாத விஷயம் ஒன்று உண்டு. என் மருமகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். சாதாரண நாளிலேயே தாளிக்கும் வாசனைக்கு ஓடுகிறவள். அன்று காலை ஆறு தடவை வாந்தி. மத்தியானம் பெட்டியைக் கட்டிக்கொண்டு மயிலாப்பூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "அத்தை, கருப்பனை எங்கேயும் அனுப்பிடாதீங்க. ஆனா நாத்தம் போனாத்தான் என்னால வர முடியும்" என்றாள்.

அனுப்பிவிடச் சொன்னவர்கள் மற்றவர்கள். காணும் பொங்கல் ஆயிற்றே, வீடு நிறைய உறவு. என் கணவரின் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டு, "புள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டுல தெருநாய் எதுக்கு? எங்கேயாவது காப்பகத்துல விட்டுடு" என்றார். பெரியவர், வீட்டு நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் கருப்பனை 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தது என் கணவர். அவர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கருப்பன் கேட்டருகே போய் உட்கார்வான். இதை அண்ணனிடம் நான் சொல்லவில்லை. "பத்து நாள் கொடுங்க" என்று மட்டும் கேட்டேன்.

அன்றிலிருந்து வைத்தியங்கள் ஆரம்பித்தன. ஒரு உறவு சீயக்காய் என்றது, இன்னொன்று வேப்பிலைத் தண்ணீர். பக்கத்து வீட்டில் நாய் ஷாம்பு கொடுத்தார்கள். என் மகன் ரூம் ஸ்ப்ரே அடித்தான். என் தங்கை சாம்பிராணி போட்டாள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது. பிறகு சாம்பிராணி போட்ட ஆமை, ரோஜாப்பூ ஆமை என்று இரண்டு சேர்ந்த நாற்றம். அதற்குத் தனி நாற்றமே தேவலை. குளிப்பாட்டித் துடைத்து வெயிலில் நிறுத்தினால் சாயங்காலம் பரவாயில்லை போல இருக்கும். மறுநாள் காலையில் தைப் பனி இறங்கி அவன் முடி நமுத்துவிட்டால் பழையபடி எழுந்துவிடும். செத்த பிராணியின் கொழுப்பு அடி முடியில் ஒட்டிக்கொண்டு, நாற்றத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. ஈரம் பட்டால் விடுகிறது. தண்ணீருக்கு எண்ணெய் அசையுமா?

மூன்றாம் நாள் இரவு நியூஜெர்சியிலிருந்து ஒருவன் கூப்பிட்டான். 1996-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பொங்கல் வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிட்டான். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "டீச்சர், இதுக்கு இங்க எல்லாருக்கும் மருந்து தெரியும்" என்றான்.

அவர்கள் ஊரில் ஸ்கங்க் என்று ஒரு பிராணி. கருப்பு உடம்பு, முதுகில் வெள்ளைப் பட்டை, பூனை அளவு. நம் நாட்டில் கிடையாது. நாய் கிட்டே போனால் திரும்பி நின்று, வாலைத் தூக்கி, ஒரு திரவத்தைப் பீய்ச்சி அடிக்கும். சில மீட்டர் தூரம் குறி தப்பாது. அடி வாங்கிய நாய் வாரக்கணக்கில் நாறும். (நம் மூஞ்சூறுக்கும் விலாவில் நாற்றச் சுரப்பி உண்டு. பிள்ளையார் வாகனத்தைப் பூனை பிடித்தாலும் தின்னாமல் போட்டுவிட்டுப் போவது அதனால்தான். ஆனால் ஸ்கங்க்கோடு ஒப்பிட்டால் மூஞ்சூறு பாலர் வகுப்பு.)

ஸ்கங்க் நாற்றத்தில் இருப்பது கந்தகம் சேர்ந்த தயால் என்ற பொருள்கள். மெர்காப்டன் என்பது பழைய பெயர். உங்கள் எல்லோருக்கும் இந்தக் குடும்பத்தில் ஒருவரைத் தெரியும். சமையல் காஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்றுதான் அதில் எத்தில் மெர்காப்டனைத் துளியூண்டு கலக்கிறார்கள். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட பொருள் நாயின் முதுகில் இருந்தால் சந்தனம் பூசி என்ன பிரயோஜனம்? அமெரிக்காவில் தக்காளிச் சாற்றில் குளிப்பாட்டுவார்களாம். அதுவும் நம் ரூம் ஸ்ப்ரே கதைதான், மறைக்குமே தவிரப் போக்காது.

1993-ல் இல்லினாய் மாநிலத்து வேதியியலாளர் பால் கிரெபாம் என்பவர், ஹைட்ரஜன் பெராக்சைடும் சமையல் சோடாவும் பாத்திரம் கழுவும் திரவமும் சேர்ந்த கலவை ஒன்றை 'கெமிக்கல் அண்ட் எஞ்சினியரிங் நியூஸ்' இதழில் வெளியிட்டார். பெராக்சைடு கந்தகப் பொருளோடு ஆக்சிஜனைச் சேர்த்து, நாற்றமில்லாத வேறு பொருளாகவே மாற்றிவிடும். சோடா அதற்குத் துணை. திரவ சோப்பு எண்ணெயை உடைத்து, கலவை அடிமுடிவரை இறங்க வழி செய்யும். அழுகும் மாமிசத்திலும் இந்தக் கந்தகக் குடும்பம் உண்டு. அதனால் ஸ்கங்க்குக்கு ஆகிற மருந்து ஆமைக்கும் ஆகும் என்பது அவன் வாதம்.

பாதி ஆகும் என்று எனக்குத் தோன்றியது. நான் வெறும் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான், பட்டம் வாங்கவில்லை. ஆனால் அமிலமும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முப்பத்து நாலு வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அழுகிய பிணத்தில் கந்தகம் மட்டும் இல்லை, அமீன்கள் என்று இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மீன் கவுச்சிக்குக் காரணம் அதில் ஒன்று. அவை காரத்தன்மை கொண்டவை. புளிப்பு பட்டால் அடங்கும். மீனைப் புளித் தண்ணீரிலோ எலுமிச்சை பிழிந்தோ ஏன் அலசுகிறோம்? நம் பாட்டிமார் வேதியியல் படிக்காமலே செய்தது இது. ஆக, முதலில் ஒரு புளிப்பு, பிறகு பெராக்சைடு. இரண்டு நாற்றத்துக்கு இரண்டு மருந்து.

அதை உடனே செய்துவிடவில்லை. உங்களில் ஒருத்தி கால்நடை மருத்துவர், அவளை அழைத்துக் கேட்டேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தாள். "டீச்சர், சரியாத்தான் சொல்றீங்க. ஆனா எலுமிச்சை வேண்டாம், தோல்ல இருக்கிற எண்ணெய் நாய்க்கு ஆகாது. வினிகரை நாலு பங்கு தண்ணில கலந்து ஊத்துங்க. முதல்ல உடம்புல காயம் இருக்கான்னு பாருங்க. ரெண்டையும் ஒண்ணா மட்டும் சேர்த்துடாதீங்க" என்றாள். வினிகரும் பெராக்சைடும் சேர்ந்தால் தோலையும் கண்ணையும் எரிக்கும் வேறொரு அமிலம் உண்டாகும். வினிகரும் சோடாவும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு இரண்டுமே வீணாகும்.

மருந்துக்கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று. நம் ஊரில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் 6 சதவீதம். கிரெபாம் சொன்னது 3 சதவீதம். அதனால் அரை லிட்டர் மருந்துக்கு அரை லிட்டர் தண்ணீர். அந்த ஒரு லிட்டருக்குக் கால் கப் ஆப்ப சோடா, இரண்டு தேக்கரண்டி திரவ சோப்பு. அகலமான பிளாஸ்டிக் வாளியில், தேவைப்படும் நேரத்தில்தான் கலக்கவேண்டும். நுரைத்துக்கொண்டே இருக்கும். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி மூடினால் வாயு சேர்ந்து பாட்டில் வெடித்துவிடும். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றிவிடுங்கள். கடையில் இது தயாராகக் கிடைக்காததும் இதனால்தான், அடைத்து விற்க முடியாது.

நாலாம் நாள் வினிகர்த் தண்ணீர், நன்றாக அலசல், வெயில். ஐந்தாம் நாள் பெராக்சைடு. நாய் காய்ந்திருக்கும்போதே தேய்க்கவேண்டும், முதலில் தண்ணீர் ஊற்றினால் கலவை நீர்த்துப்போகும். கையுறை போட்டுக்கொண்டு, கண், காது, வாய்ப் பக்கம் போகாமல், அடிமுடிவரை விரலால் தேய்த்து ஐந்து நிமிஷம் வைத்தோம். கருப்பன் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கமாட்டேன். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்து நின்ற உங்கள் பலர் முகத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். நிறைய தண்ணீர் விட்டு அலசினோம். அதிகம் ஊறிய முதுகுக்கும் கழுத்துக்கும் மட்டும் மூன்று நாள் கழித்து மறுபடி. பெராக்சைடு நிறத்தை வெளுக்கும், கருப்பு முடி செம்பட்டை ஆகும். படத்தில் நீங்கள் பார்த்தது அது.

கழுத்துப் பட்டையைத்தான் காப்பாற்ற முடியவில்லை. தோல் பட்டை. என் கணவர் வாங்கிப் போட்டது, ஒன்பது வருஷம். தோல் எண்ணெயைக் குடித்துவிட்டால் திருப்பித் தராது. நாலு நாள் மாடி வெயிலில் போட்டுப் பார்த்தேன். கடைசியில் அதன் பித்தளைக் கொக்கியை மட்டும் பிரித்து, புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொண்டேன். உலோகத்தில் நாற்றம் தங்காது. திருவான்மியூரில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து, பருத்தி நாடாவில் கோத்து வாங்கினேன்.

நாய் சரியானாலும் வீடு சரியாகவேண்டுமே. பாயைத் தூக்கிப் போட்டோம். சோபா உறையைச் சோடாத் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயப் போட்டோம். பஞ்சு மேல் ஆப்ப சோடாவைத் தூவி ஒரு ராத்திரி விட்டு உதறினோம். பிறகு கரி. கொட்டாங்கச்சிக் கரியை வாயகன்ற பாத்திரங்களில் போட்டு அறைக்கு இரண்டாக வைத்தேன். கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கோடி கோடி. நாற்றப் பொருள்கள் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். நம் தமிழ்நாட்டுக் கொட்டாங்கச்சியிலிருந்து செய்த பதப்படுத்திய கரிதான் வெளிநாட்டுத் தண்ணீர் வடிகட்டிகளுக்குள்ளும் போகிறது.

எட்டாம் நாள் என் மகன், "சுத்தமா போயிடுச்சும்மா, அவளைக் கூட்டிட்டு வரட்டுமா?" என்றான். நான் விடவில்லை. ஒரே வாசனையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு சலித்துப்போய் அதைச் சொல்வதை நிறுத்திவிடும். மீன் மார்க்கெட்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கவுச்சி தெரியாது. எனவே, வீட்டுக்குள் இருக்கும் மூக்கு செல்லாது என்று அறிவித்தேன். எங்கள் தெருவுக்கு வரும் கீரைக்காரம்மாவைக் கூடத்துக்கு வரச் சொல்லி ஒரு நிமிஷம் நிற்கவைத்தேன். எட்டாம் நாள், "இன்னாம்மா, எலி செத்துப்போச்சா?" என்றார். பத்தாம் நாள், "ஏதோ லேசா" என்றார். பதினோராம் நாள் மூக்கை நாலு பக்கமும் திருப்பிவிட்டு, "ஒண்ணுமில்லையே, எதுக்குக் கூப்ட்டீங்க?" என்றார். ஒரு கட்டு முருங்கைக்கீரை கூடுதலாக வாங்கினேன். மறுநாள் மருமகள் வந்தாள். வாசலில் நின்றாள், உள்ளே வந்தாள், கருப்பன் தலையில் கை வைத்தாள். அவ்வளவுதான். அண்ணனுக்கு நானே போன் செய்து சொன்னேன். கேட்ட கெடுவில் ஒரு நாள் கூடிவிட்டதை அவர் சுட்டிக்காட்டினார்.

நாற்றத்தை இப்படித் துரத்திக்கொண்டிருந்த நாட்களில், குப்பத்தில் இருக்கும் என் மாணவன் ஒருவன் மீன் கொண்டுவந்தான். சின்ன ஃபைபர் படகு வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உங்க வீட்டுல ஒரு நாய்க்கே இப்டீன்னா, எங்களுக்குத் தினம் வாசல்ல டீச்சர்" என்றான். வனத்துறை ஆட்களும் தன்னார்வலர்களும் வந்து குழி தோண்டிப் புதைப்பார்கள், இவர்களும் கூடக் கை கொடுப்பார்கள், மறுநாள் அலை வேறு நாலைக் கொண்டுவந்து போடும். "நம்ம வலை இல்ல டீச்சர். ராத்திரில கரை ஓரமா பெரிய போட்டு வருது" என்றான்.

ஆமைக்கு நுரையீரல், பிள்ளைகளே, செவுள் இல்லை. மூச்சுக்கு மேலே வந்தாகவேண்டும். இழுவலையில் சிக்கி மணிக்கணக்கில் அடியில் கிடந்தால் கடலிலேயே மூச்சு முட்டிச் சாகும். கண் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்ததெல்லாம் அதன் அடையாளம். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லிருந்து இருக்கிறது. விசைப்படகுகள் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் வலை இழுக்கக்கூடாது. ஆமை தப்பிக்க வலையில் ஒரு கம்பித் தட்டியும் வெளியேறும் வாயும் வைக்கும் சாதனமும் உண்டு. 1972 வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் முதல் அட்டவணையில்தான் இந்த ஆமையும் இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. ஆயிரம் புலி கரை ஒதுங்கியிருந்தால் நாம் இப்படி மூக்கைப் பொத்திக்கொண்டு போயிருப்போமா என்று எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. படகுக்காரர்களிலும் என் மாணவர்கள் இருப்பார்கள். டீசல் விலையும் கடனும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்கிறேன்.

தப்பி வந்தவையும் உண்டு. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பின் பிள்ளைகள் 1988 முதல், ஆமை வரும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி ராத்திரியாக நடந்து, மணலில் இட்ட முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒரு குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். எடுக்காமல் விட்டால் தோண்டித் தின்ன நாய்கள் வரும். ஆகவே கடற்கரையோரம் நாய் வளர்க்கும் என் பிள்ளைகளே, மே மாதம் வரைக்குமாவது கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடியுங்கள். நாற்றத்துக்காக மட்டும் அல்ல.

போன வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு அதே மாணவன் போன் செய்தான். "டீச்சர், ஒண்ணு ஏறி முட்டை வெச்சுட்டு உசுரோட திரும்பிப் போயிருக்கு. பசங்க முட்டைய எடுத்துட்டாங்க. தடம் அப்படியே இருக்கு, ஆளுங்க மிதிக்கறதுக்குள்ள வந்து பாருங்க" என்றான். மருமகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கருப்பனை வீட்டில் கட்டிவிட்டுத்தான் போனோம்.